கல்லூரி ஆட்டத்தில் கார்டுகளைக் கவனிப்பது எப்படி: என்.பி.ஏ.வுக்கு ஆள் தயாராகும் விதம்

என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பார்த்துப் பழகியவர்கள் முதல் முறையாக அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே சலித்துப்போவார்கள். ஆட்டம் மெதுவாக நகரும், ரிங்குக்கு அடியில் ஒரே நெரிசலாக இருக்கும், ஷாட்டுகள் நிறையத் தவறும். ஆனால் ஸ்டெஃபன் கரி, டேமியன் லில்லார்ட், ஜேலன் ப்ரன்சன், ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் போன்ற கார்டுகள் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும், வெளியிலிருந்து ஷூட் செய்யும் ஆட்டக்காரர்கள்) எல்லோரும் அந்த நெரிசலுக்குள் ஆடித்தான் தொழில் கற்றார்கள். எதைக் கவனிப்பது என்று தெரிந்துவிட்டால் சலிப்பு போய்விடும்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கார்டு கல்லூரியில் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. பந்து கைக்கு வந்ததும் எவ்வளவு சீக்கிரம் சரியான முடிவெடுக்கிறார், பந்து வேறொருவர் கையில் இருக்கும்போது அணிக்கு எந்த அளவு உதவுகிறார் என்று பார்ப்பேன். நல்ல கல்லூரி அணிகள் மெனக்கெட்டுக் கற்றுத்தருவது இவற்றைத்தான்.

1. முதலில் கோடுகளையும் கடிகாரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

கோர்ட்டின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்: 94 அடி நீளம், 50 அடி அகலம். மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.வில் 23 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது, மூலைகளில் 22 அடி. ஆண்கள் கல்லூரி முதல் பிரிவில் 2019-20 சீசனிலிருந்து 22 அடி 1¾ அங்குலம். ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி ஷாட் எடுக்க வேண்டிய நேரம், என்.பி.ஏ.வில் 24 நொடி, கல்லூரியில் 30. கல்லூரி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, என்.பி.ஏ. ஆட்டம் 12 நிமிடம் வீதம் நான்கு பகுதி. கல்லூரியில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும், அங்கே ஆறு.

கார்டுகளை அதிகம் பாதிக்கிற இரண்டு வித்தியாசங்கள் புதியவர்கள் கண்ணில் சட்டென்று படாது. ரிங்குக்கு முன்னால் உள்ள பெயின்ட் பகுதி கல்லூரியில் 12 அடி அகலம், என்.பி.ஏ.வில் 16 அடி. அடுத்து, என்.பி.ஏ.வில் தடுக்கும் அணியின் ஆள் யாரையும் காவல் காக்காமல் பெயின்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. 2001-02 சீசனில் வந்த விதி இது. கல்லூரியில் அப்படி ஒரு விதி கிடையாது. ஏழடி ஆள் ஒருவர் ரிங்குக்கு அடியிலேயே நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் மறிக்கலாம்.

அதனால் பந்தோடு உள்ளே பாயும் கல்லூரி கார்டுக்கு வழி குறுகலாகவே கிடைக்கும். பாதி தூரத்தில் நிற்கவும், உயரமான கையைத் தாண்டி மெல்லத் தூக்கிப் போடும் ஃப்ளோட்டரை எடுக்கவும், பந்தை வெளியே திருப்பிவிடவும் அவர் பழகியாக வேண்டும். என்.பி.ஏ.வுக்குப் போனதும் இடம் கூடுதலாகக் கிடைக்கும், யோசிக்கக் கிடைக்கும் நேரம் ஆறு நொடி குறைந்துவிடும், தடுக்கும் கைகளும் நீளமாகிவிடும். எனவே ஒரு கல்லூரி கார்டு ரிங் வரை போக முடியாமல் திணறினால் அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள். அவரோடு கோர்ட்டில் நிற்கும் மற்ற நால்வரில் எத்தனை பேர் வெளியிலிருந்து ஷூட் செய்யக்கூடியவர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

2. பயிற்சிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள்

என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு டிராஃப்ட். 2006 டிராஃப்ட் முதல் உள்ள விதிப்படி, அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் 19 வயதை எட்டும் ஆண்டில்தான், அதுவும் பள்ளி முடித்து ஒரு என்.பி.ஏ. சீசன் கழிந்த பிறகுதான் டிராஃப்டுக்கு வரலாம். மிகத் திறமையானவர்கள் கல்லூரியில் ஒரே ஆண்டு இருப்பது அதனால்தான். ஜூனில் வளாகத்துக்கு வருவார்கள், மார்ச் அல்லது ஏப்ரலில் கடைசி ஆட்டம் முடிந்துவிடும்.

அந்தக் கொஞ்ச மாதங்களுக்கும் வரம்பு உண்டு. சீசன் நடக்கும்போது கட்டாயப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வரையறுத்திருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். சீசனுக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரம்தான். ஆட்டக்காரர் தானாக முன்வந்து ஜிம்முக்குப் போய் ஷூட் செய்தால் அது இந்தக் கணக்கில் வராது. இரவில் மாணவ உதவியாளர் ஒருவர் ரீபவுண்ட் எடுத்துக் கொடுக்க, நூற்றுக்கணக்கில் ஷாட் போடும் வழக்கம் அப்படி வந்ததுதான். பல கல்லூரிகளின் பயிற்சிக் கோர்ட்டில் என்.பி.ஏ. மூன்று புள்ளிக் கோட்டையும் சேர்த்தே வரைந்து வைத்திருப்பார்கள்.

இவ்வளவு குறைவா என்று தோன்றலாம். என்.பி.ஏ.வில் ஆறு மாதத்துக்குள் 82 ஆட்டம், விமானப் பயணம், உடல் வலி. நிதானமாக உட்கார்ந்து அடிப்படை கற்றுக்கொள்ள அங்கே நேரமே கிடைக்காது. அந்த வகையில் வாரம் 20 மணி நேரம் என்பது பெரிய வாய்ப்பு.

3. மூன்று அணிகளின் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொடர முடியாது. கார்டுகளை வளர்க்கும் வழிகளைப் புரிந்துகொள்ள மூன்று உதாரணங்கள் போதும்.

முதலாவது கென்டக்கி, ஜான் கலிப்பாரி அங்கே பயிற்சியாளராக இருந்த 2009 முதல் 2024 வரையான காலம். ஜான் வால், டீஆரன் ஃபாக்ஸ், ஜமால் மர்ரே, டெவின் புக்கர், ஷாய், டைரீஸ் மேக்ஸி, டைலர் ஹீரோ என்று பட்டியல் நீள்கிறது. அதற்கு முன் மெம்பிஸில் இருந்தபோது டெரிக் ரோஸ். மெம்பிஸில் கலிப்பாரி கையாண்ட ‘டிரிபிள் டிரைவ்’ (dribble drive, பந்தைத் தரையில் தட்டியபடி உள்ளே பாய்வது) ஆட்டமுறையை உருவாக்கியவர் ஃப்ரெஸ்னோ சிட்டி காலேஜ் பயிற்சியாளர் வான்ஸ் வால்பர்க். ஆட்களைப் பரவலாக நிறுத்தி நடுவே வழி திறந்துவிடுவார்கள். கார்டு தன் எதிராளியைத் தாண்டி உள்ளே பாய வேண்டும், உதவிக்கு யார் வருகிறார் என்று பார்த்து அடுத்த வேலையைச் செய்ய வேண்டும்.

கென்டக்கி கற்றுத்தந்தவற்றில் என்னை அதிகம் கவர்ந்தது பந்தைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம். பள்ளியில் ஒவ்வொரு ஆட்டத்திலும் 30 புள்ளி எடுத்தவர்கள் நான்கைந்து பேர் ஒரே அணியில் வந்து சேர்வார்கள். 2014-15 அணியில் டெவின் புக்கர் 38 ஆட்டங்கள் ஆடினார்; ஒன்றில்கூடத் தொடக்க ஐவரில் இல்லை. சராசரி 10 புள்ளிதான். பந்துக்காகக் காத்திருப்பது, வந்ததும் தயங்காமல் ஷூட் செய்வது, ஸ்க்ரீனை (எதிராளியை மறித்து நிற்கும் தன் அணி ஆளை) சுற்றி ஓடுவது ஆகியவைதான் அவர் வேலை. 13-வது இடத்தில் தேர்வானவர் இரண்டே ஆண்டில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தார். ஷாயும் 2017-18 சீசனைத் தொடக்க ஐவருக்கு வெளியிலிருந்துதான் ஆரம்பித்தார். 11-வது இடத்தில் தேர்வான அவர் 2025-ல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்) விருதும் ஓக்லஹோமா சிட்டியோடு சாம்பியன் பட்டமும் பெற்றார். கல்லூரியில் அவர்கள் எடுத்த புள்ளிகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இருவருமே சுமாராகத்தான் தெரிந்திருப்பார்கள்.

இரண்டாவது வில்லனோவா. 2001 முதல் 2022 வரை அங்கே இருந்த ஜே ரைட் கார்டுகளை ஓரிரு ஆண்டில் அனுப்பிவைக்க அவசரப்படவில்லை. ஜேலன் ப்ரன்சன் மூன்று ஆண்டு இருந்தார், ஜாஷ் ஹார்ட் நான்கு ஆண்டு. ரைட்டின் அடிப்படைப் பாடம் கால்களில் தொடங்குகிறது: உள்ளே பாய்ந்தபின் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நில், ஒரு காலை அச்சாக வைத்துத் திரும்பு, போலியாக ஒரு பாஸ் காட்டு, பிறகு முடிவெடு. இரண்டு காலில் நிற்பவருக்கு ஷாட், பாஸ், மறுபடி திரும்புதல் என மூன்று வழியும் திறந்திருக்கும். ஓடிக்கொண்டே குதிப்பவருக்குக் குதித்தபின் வழியில்லை. வில்லனோவா கார்டுகள் எதிராளிக்கு முதுகைக் காட்டி, பெரிய ஆட்களைப் போலப் பின்னால் தள்ளிக்கொண்டே போவதும் உண்டு.

ப்ரன்சன் 6 அடி 2 அங்குலம். வேகமும் குதிக்கும் உயரமும் என்.பி.ஏ. கணக்குக்குச் சாதாரணம். 2018-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது வாங்கியும், இரண்டு சாம்பியன் பட்டங்கள் கையில் இருந்தும், 33-வது ஆளாகத்தான் தேர்வானார். இன்று நியூயார்க் நிக்ஸ் ஆட்டம் ஒன்றில் அவருடைய கால்களை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். நின்று, திரும்பி, எதிராளியைக் குதிக்கவைத்து, அவர் இறங்கும்போது ஷாட் எடுப்பார். அத்தனையும் வில்லனோவா பாடம்.

மூன்றாவது, வட கரோலினாவில் உள்ள டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி. அப்போது பாப் மெக்கிலாப் பயிற்சியாளர். 2007-08-ல் அணியின் பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து அணியை நடத்துபவர்) ஜேசன் ரிச்சர்ட்ஸ்; கரியின் வேலை ஸ்க்ரீன்களைச் சுற்றி ஓடிப் பந்தை வாங்கி ஷூட் செய்வது. அந்த சீசனில் 162 மூன்று புள்ளி ஷாட் போட்டது அன்றைய கல்லூரிச் சாதனை. அணி கடைசி எட்டு வரை போய் கான்சஸிடம் 59-57 என்று தோற்றது. ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துப் போனதும் அடுத்த ஆண்டு பாயிண்ட் கார்டு பொறுப்பு கரிக்கு வந்தது. அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) சராசரி 2.9-லிருந்து 5.6 ஆனது. மூன்று புள்ளி சதவீதம் 44-லிருந்து 39-க்கு இறங்கியது. டேவிட்சன் மார்ச் மாதப் பெரிய போட்டிக்கே தேர்வாகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது சறுக்கிய ஆண்டு. ஆனால் இரண்டு மூன்று பேர் சூழ்ந்து மறிக்கும்போது பந்தைக் கொண்டுவந்து அணியை நடத்த கரி கற்ற ஆண்டும் அதுவே. கோல்டன் ஸ்டேட் அவரை 7-வது ஆளாக எடுத்தது. இந்த மூன்று கதைகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

4. பிக் அண்ட் ரோலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வேறெதற்கும் நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது பழகிக்கொள்ளுங்கள். பெரிய ஆள் ஒருவர் வந்து கார்டின் எதிராளியை மறித்து நிற்பார். கார்டு அவரை உரசியபடி கடந்து போவார். மறித்தவர் ரிங்கை நோக்கி ஓடுவார். என்.பி.ஏ. ஆட்டத்தின் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது, கார்டுகளைத் தேடி வருகிற ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காகத் திறமையைத் தேடுபவர்கள்) முதலில் பார்ப்பதும் இதையே.

தடுக்கும் அணி இதற்கு நான்கு விதமாகப் பதில் சொல்லும். பெரிய ஆள் பின்வாங்கி ரிங் அருகே காத்திருந்தால் அது ‘டிராப்’. அப்போது நடுவில் இடம் கிடைக்கும். கார்டு நின்று ஷாட் எடுக்கலாம், இல்லாவிட்டால் ஃப்ளோட்டர். பெரிய ஆள் வெளியே பாய்ந்து கார்டை ஒரு கணம் தடுத்துவிட்டுத் திரும்பி ஓடினால் ‘ஹெட்ஜ்’. அந்த ஒரு கணத்தில் பொறுமையிழக்காமல் ஓரடி பின்வாங்கி, உள்ளே ஓடும் தன் ஆளுக்குப் பந்தைத் தர வேண்டும். இருவரும் ஆளை மாற்றிக்கொண்டால் ‘ஸ்விட்ச்’. மெதுவான பெரிய ஆள் எதிரே வந்து நிற்பார், அவரை வெளியே இழுத்துவந்து தாண்ட வேண்டும். இருவருமே கார்டின் மேல் பாய்ந்தால் ‘பிளிட்ஸ்’. பந்தை உடனே விட்டுவிட வேண்டும், மற்ற நால்வரும் மூவரை எதிர்த்து ஆடிக்கொள்வார்கள்.

கல்லூரிப் பயிற்சியில் இதைப் படிப்படியாகக் கட்டுவார்கள். முதலில் எதிராளியே இல்லாமல் ஸ்க்ரீனைக் கடக்கும் கோணமும் வேகமும். பிறகு இருவருக்கு இருவர். பிறகு மூவருக்கு மூவர். இங்கேதான் விஷயம் கடினமாகிறது. மூலையில் நிற்கும் ஷூட்டரைக் காக்கும் மூன்றாவது தடுப்பாளர் உள்ளே ஓடும் பெரிய ஆளைத் தடுக்க நகர்கிறாரா, நகரவில்லையா? நகர்ந்தால் மூலைக்குப் பாஸ். நகராவிட்டால் உள்ளே பாஸ். இந்த முறை எந்த வகையில் தடுக்கப் போகிறோம் என்று கார்டுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். தானே பார்த்து முடிவெடுக்க வேண்டும், அதுவும் பந்தை இரண்டு முறை தரையில் தட்டுவதற்குள்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஸ்க்ரீன் வந்ததும் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூலையில் நிற்கும் அந்தத் தடுப்பாளரைப் பாருங்கள். கார்டின் பாஸ் அவர் நகர்ந்த பிறகு போகிறதா, நகரத் தொடங்கும்போதே போகிறதா? முதலாவது நல்ல கல்லூரி ஆட்டம். இரண்டாவது என்.பி.ஏ. ஆட்டம். அயோவா ஸ்டேட்டில் இரண்டு ஆண்டு ஆடிய டைரீஸ் ஹாலிபர்ட்டனிடம் இரண்டாவது வகை அப்போதே தெரிந்தது. அவருடைய ஷாட் எடுக்கும் முறை வழக்கத்துக்கு மாறாக இருந்தது. 2020-ல் 12-வது இடம் வரை இறங்கினார்.

5. பந்து கையில் இல்லாதபோது பாருங்கள்

பெரும்பாலான புதிய கார்டுகள் என்.பி.ஏ.வில் முதலில் துணைவேலைக்குத்தான் போகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் பந்தை வைத்திருப்பார். பாஸ் கொடுத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்று வேடிக்கை பார்க்கிற கார்டுக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம். பாஸ் கொடுத்ததும் இரண்டடி நகர்ந்து ஷூட் செய்யத் தோதான இடத்துக்குப் போகிறாரா? தன்னைவிடப் பெரியவருக்கு ஸ்க்ரீன் வைக்கிறாரா? பந்து வந்ததும் ஷாட், டிரைவ், பாஸ் மூன்றில் ஒன்றை உடனே செய்கிறாரா, பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறாரா?

தடுப்பாட்டத்தில் ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: ஸ்க்ரீனில் மோதிய பிறகு மறுபடி எதிராளியைத் துரத்திப் பிடிக்கிறாரா, அங்கேயே விட்டுவிடுகிறாரா. என்.பி.ஏ. அணிகள் பலவீனமான தடுப்பாளரைத் தேடிப்பிடித்துத் தாக்கும். கெல்வின் சாம்ப்சனின் ஹூஸ்டன் அணி ஆடும்போது பாருங்கள், இந்தத் துரத்தல் எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும்.

6. எண்களில் இரண்டை மட்டும் நம்புங்கள்

அசிஸ்டுக்கும் டர்ன் ஓவருக்கும் (பந்தை எதிரணியிடம் இழப்பதற்கும்) உள்ள விகிதம் ஒன்று. இன்னொன்று ஃப்ரீ த்ரோ சதவீதம். யாரும் தடுக்காத, தூரம் மாறாத ஷாட் அது. கையின் தரத்தை மூன்று புள்ளி சதவீதத்தைவிட நேர்மையாகக் காட்டும். கல்லூரி சீசன் சிறியது, மூன்று புள்ளி ஷாட்டுகளின் எண்ணிக்கை குறைவு, ஒரு மோசமான மாதம் கணக்கையே புரட்டிவிடும். மேக்ஸி கென்டக்கியில் மூன்று புள்ளியில் 29 சதவீதம்தான். ஃப்ரீ த்ரோவில் 83. 21-வது இடத்தில் தேர்வானார், இரண்டாவது என்.பி.ஏ. சீசனில் அவருடைய மூன்று புள்ளி சதவீதம் 42-ஐத் தாண்டியது.

7. பெண்கள் ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள்

ஒரு கார்டு ஆண்டுக்கு ஆண்டு வளர்வதைப் பார்க்க ஆசையென்றால் பெண்கள் ஆட்டம்தான் சிறந்த இடம் என்பேன். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் டபிள்யூ.என்.பி.ஏ. (பெண்கள் தொழில்முறை லீக்) டிராஃப்டுக்கு வர அந்த ஆண்டில் 22 வயது ஆக வேண்டும் அல்லது படிப்பை முடிக்க வேண்டும். அதனால் பெரும்பாலோர் நான்கு ஆண்டு இருக்கிறார்கள். கனெக்டிகட்டில் ஜீனோ ஆரியமா தன் அணியை மாணவர்களான ஆண் ஆட்டக்காரர்களோடு மோதவிட்டுப் பயிற்சி தருவது பலரும் அறிந்தது. வேகத்துக்கும் உடல் பலத்துக்கும் முன்கூட்டியே பழகிவிடுகிறார்கள். சூ பேர்ட் முதல் பெய்ஜ் பெக்கர்ஸ் வரை அங்கிருந்து வந்தவர்கள்.

நான்கு ஆண்டு இருந்தும் இடைவெளி முழுதாக மூடிவிடாது. அயோவாவில் 3,951 புள்ளி எடுத்த கேட்லின் கிளார்க், 2024 ஏப்ரலில் கல்லூரி இறுதி ஆட்டம் ஆடி, மே மாதமே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். முதல் ஆட்டத்தில் 20 புள்ளி, 10 டர்ன் ஓவர். எதிரணி அவரைப் பாதிக் கோர்ட்டிலிருந்தே துரத்தியது. அதே சீசனில் 337 அசிஸ்ட் கொடுத்து லீக் சாதனையும் படைத்தார்.

8. எப்போது போகிறார் என்பதையும் கவனியுங்கள்

டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்து, மே மாதம் சிகாகோவில் நடக்கும் கம்பைனில் (அணிகள் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்க்கும் முகாமில்) கலந்துகொண்டு, அணிகளின் கருத்தைக் கேட்டுவிட்டுப் பெயரைத் திரும்பப் பெற்றுக் கல்லூரிக்கே வரலாம். 2016 முதல் இது எளிதாகியிருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் சுற்றில் தேர்வாவோமா என்று உறுதியில்லாத கார்டுகள் இன்னும் ஓராண்டு இருப்பது இப்போது நஷ்டமில்லை. கல்லூரி மாறுவதும் சுலபம். வால்ட்டர் கிளேட்டன் ஜூனியர் அயோனாவில் இரண்டு ஆண்டு, ஃப்ளோரிடாவில் இரண்டு ஆண்டு ஆடி, 2025-ல் ஃப்ளோரிடாவைச் சாம்பியனாக்கி 18-வது ஆளாகத் தேர்வானார். இந்த மாற்றம் கார்டுகளுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். முதிர்ந்து வருகிறார்கள்.

எங்கே தொடங்கலாம்

ஒரே ஒரு கார்டைத் தேர்ந்தெடுங்கள். சீசன் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அவருடைய ஆட்டம் ஒன்றை அந்த மாதமே பாருங்கள். அடுத்ததை ஜனவரியில் பாருங்கள். அதற்குள் பிராந்திய லீக் ஆட்டங்கள் தொடங்கியிருக்கும், எதிரணிப் பயிற்சியாளர்கள் அவருடைய வீடியோவை அலசி வைத்திருப்பார்கள். மூன்றாவதை மார்ச்சில், 68 அணிகள் மோதும் போட்டியில். மூன்றிலும் முதல் பத்து பிக் அண்ட் ரோல்களை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள்: எந்த வகையில் தடுத்தார்கள், அவர் என்ன செய்தார், அது சரியா. ஷாட் உள்ளே போனதா என்று எழுத வேண்டாம். நவம்பரில் தப்பாகச் செய்ததை மார்ச்சில் சரியாகச் செய்கிறாரா என்று தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஜூனில் டிராஃப்ட் வரும்போது அவரைப் பற்றிச் சொந்தமாகச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.